நந்தினி வாழ்ந்தாளா? பொன்னியின் செல்வனில் வரலாறும் கற்பனையும் பிரியும் இடங்கள்

கேட்கப்பட்ட கேள்வி இது: "பொன்னியின் செல்வனில் வரும் நந்தினி, பூங்குழலி, சேந்தன் அமுதன் ஆகியோர் உண்மையில் வாழ்ந்தவர்களா? ஆதித்த கரிகாலரைக் கொன்றவர்களின் பெயர்கள் கல்வெட்டிலேயே இருக்கின்றன என்கிறார்கள். அப்படியானால் நாவல் சொல்லும் சதியும் நடந்ததுதானே?"

நேரான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். நந்தினி, பூங்குழலி, சேந்தன் அமுதன், ஆழ்வார்க்கடியான் நம்பி, ஊமை ராணி மந்தாகினி, கடம்பூர் மணிமேகலை, கந்தமாறன், குடந்தை சோதிடர் ஆகிய அனைவரும் கல்கி படைத்த கதைமாந்தர்கள். சோழர் காலத்துக் கல்வெட்டுகளையும் செப்பேடுகளையும் கொண்டு இவர்களில் எவரையும் வாழ்ந்தவராக நிறுவ முடியாது. சுந்தர சோழர், வானவன் மாதேவி, அவர்கள் மக்களான ஆதித்த கரிகாலர், குந்தவை, பின்னாளில் இராசராசர் என்று பெயர்பெற்ற அருண்மொழி, செம்பியன் மாதேவி, அவர் மகன் உத்தம சோழர், வந்தியத்தேவர், அநிருத்தப் பிரமராயர், பழுவேட்டரையர் குடியினர், கொடும்பாளூர் வேளிர் ஆகியோர் வாழ்ந்தவர்கள். ஆதித்த கரிகாலர் கொல்லப்பட்டது உண்மை. கொன்றவர்கள் சிலருடைய பெயர் கல்லில் பொறிக்கப்பட்டிருப்பதும் உண்மை. ஆனால் ஏன் கொன்றார்கள், எந்த இடத்தில், எந்த வகையில், யாருடைய தூண்டுதலால் என்னும் நான்கு கேள்விகளுக்கும் கல்லில் விடை கிடையாது. நாவல் தரும் விடைகள் நாவலாசிரியருடையவை.

இதோடு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் எழுபது ஆண்டுகளாகப் பலர் இதையே சொல்லி வந்தும் குழப்பம் தீரவில்லை. 2022, 2023 ஆகிய ஆண்டுகளில் திரைப்படத்தின் இரு பாகங்களும் வெளிவந்த பிறகு அது இன்னும் கூடியது. வாசகர்களின் அறியாமையே காரணம் என்று சொல்வோரோடு எனக்கு உடன்பாடில்லை. கல்கி தம் நாவலின் முதல் வாக்கியத்திலேயே, கால வெள்ளத்தில் கற்பனை ஓடத்தில் ஏறித் தம்முடன் பயணம் செய்ய வருமாறுதான் நேயர்களை அழைக்கிறார். தாம் படிப்பது கற்பனை என்பது வாசகர் எல்லோருக்கும் தெரிந்தே இருந்தது. தெரிந்திருந்தும் அது வரலாறாக நினைவில் தங்கியது எப்படி என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

அதற்கு உளவியலில் ஓரளவு விடை இருக்கிறது. அமெரிக்க உளவியலாளர் எலிசபெத் மார்ஷும் உடன் ஆய்வாளர்களும் 2003-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், தவறான பொதுச் செய்திகள் கலந்த சிறுகதைகளைச் சிலரைப் படிக்கச் செய்து, பிறகு அவர்களிடம் பொது அறிவுக் கேள்விகளைக் கேட்டார்கள். கதையில் படித்த தவறுகளையே பலர் விடையாகத் தந்தனர். அதைவிடக் கவனிக்கத்தக்கது, அந்தச் செய்தி தமக்கு முன்பே தெரியும் என்று அவர்கள் நம்பியது. செய்தி நினைவில் நிற்கிறது, அது எங்கிருந்து வந்தது என்பது நழுவிவிடுகிறது. 2009-இல் வெளிவந்த இன்னோர் ஆய்வில், மாணவர்கள் வரலாற்றுப் படங்களின் காட்சிகளையும் பார்த்தார்கள், அதே நிகழ்ச்சிகளைப் பற்றிய சரியான பாடத்தையும் படித்தார்கள். படமும் பாடமும் முரண்பட்ட இடங்களில் படத்தில் கண்டதையே பலர் பாடத்தில் படித்ததாக எழுதினார்கள். "படங்களில் பிழை இருக்கும்" என்று பொதுவாக எச்சரித்தபோது பயன் விளையவில்லை. "இந்தக் காட்சியில் இந்தச் செய்தி தவறு" என்று குறிப்பிட்டுச் சொன்னபோது பெரும்பயன் விளைந்தது.

ஆகவே "அது வெறும் நாவல்தானே" என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவது இந்தக் குழப்பத்துக்கு மருந்து ஆகாது. எந்தச் செய்தி கல்லில் இருக்கிறது, எது கல்கியின் மனத்தில் பிறந்தது என்று ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்ல வேண்டும். சோழர் கல்வெட்டுகளை நீண்ட காலமாகப் படித்து வருபவன் என்ற முறையில் முக்கியமான சிலவற்றையாவது இங்கே அப்படிச் சொல்ல முயல்கிறேன்.

கொலையிலிருந்து தொடங்குவோம். காட்டுமன்னார்கோயிலை அடுத்த உடையார்குடியில் அனந்தீசுவரர் கோயில் இருக்கிறது. அங்கே இராசராசரின் 2-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த கல்வெட்டு ஒன்று உண்டு. அந்தணர் ஊராகிய வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்துச் சபையாருக்கு அரசர் அனுப்பிய ஆணை அதில் இடம்பெறுகிறது. பாண்டியனைத் தலைகொண்ட கரிகால சோழரைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழப் பிரமாதிராசன் ஆகியோரை அது பெயர் சொல்லிக் குறிக்கிறது. உடன்பிறந்தவனாகிய மலையனூரான் என்று ஒருவனும் அவர்களோடு வருகிறான். அடுத்து உறவினர் பட்டியல் விரிகிறது: இவர்களுடைய மக்கள், மனைவியர், பேரப்பன்மார், பெண் கொடுத்த மாமன்மார், தாயோடு பிறந்த மாமன்மார், உடன்பிறந்த பெண்களை மணந்தவர்கள், மகள்களை மணந்தவர்கள். இவர்கள் அனைவருடைய உடைமைகளையும் கைப்பற்றி விற்க வேண்டும் என்பதே ஆணை. அப்படி விற்கப்பட்ட நிலத்தை ஒருவர் விலைக்கு வாங்கிக் கோயிலில் அந்தணர் உண்பதற்கு அறமாக வைத்தார் என்பதைப் பதிவு செய்யவே கல்வெட்டு வெட்டப்பட்டது. அரசியல் கொலையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் தலையாய சான்று ஒரு நில விற்பனைப் பத்திரத்தின் பகுதியாகவே வந்து சேர்ந்திருக்கிறது. கொலையின் கதையைச் சொல்வது அதன் நோக்கமே அன்று என்பதை இதைப் படிக்கும் ஒவ்வொருவரும் மறவாதிருக்க வேண்டும்.

இப்போது நாவலுக்கு வாருங்கள். அங்கே ரவிதாசன் ஒரு மந்திரவாதி. வீரபாண்டியன் வெட்டுண்டதற்குப் பழிவாங்கத் துடிக்கும் பாண்டிய ஆபத்துதவிகளின், அதாவது மன்னனுக்காக உயிர்விடச் சூளுரைத்த மெய்க்காவலரின் தலைவன், காட்டிலும், இறந்தோர் நினைவாக எழுப்பிய பள்ளிப்படைக் கோயிலிலும் நள்ளிரவில் கூட்டம் கூட்டுபவன், ஆந்தை போலக் குரல் கொடுப்பவன். கல்வெட்டு காட்டும் ரவிதாசனோ உயர்ந்த பட்டம் தாங்கிய அந்தண அதிகாரி. அவன் தம்பியின் பட்டத்திலேயே சோழர் பெயர் இருக்கிறது. பஞ்சவன் என்பது பாண்டியனைக் குறிக்கும் சொல்லாதலால் அவனைப் பாண்டிய நாட்டோடு இணைத்துப் பார்த்த அறிஞர்கள் உண்டு. பாண்டி நாட்டை வென்ற சோழர்கள் பாண்டியர் பெயர்களைத் தம் அதிகாரிகளுக்குப் பட்டமாக வழங்குவது வழக்கமே என்று மறுத்தவர்களும் உண்டு. இந்த ஆராய்ச்சி இன்னும் முடிவுக்கு வரவில்லை. கல்கி அந்த இரண்டு வழிகளுள் கதைக்கு உயிர் கொடுக்கும் வழியைத் தேர்ந்துகொண்டார். அது ஒரு நாவலாசிரியருக்கு முழு உரிமையுள்ள செயல். கல்வெட்டில் பெயர் இருப்பதனால் மந்திரவாதியும் மெய்யாகிவிட்டான் என்று நாம் எடுத்துக்கொள்வதுதான் பிழை.

கொலை நடந்த இடமும் அவ்வாறே. கடம்பூர் மாளிகையில், சம்புவரையர் வீட்டு விருந்தில், நந்தினியின் அறையில் விளக்கு அணைந்த இருளில் இளவரசர் வீழ்ந்து கிடப்பதாக நாவல் சொல்கிறது. அந்தக் காட்சி வாசகர் நெஞ்சில் எவ்வளவு ஆழமாகப் பதிந்தது என்றால், வந்தியத்தேவன் சென்ற வழி என்று வீராணம் ஏரியிலிருந்து பயணம் செய்யும் அன்பர்கள் கடம்பூர்ப் பக்கத்தில் அந்த மாளிகை நின்ற இடத்தைக் கேட்கிறார்கள். காட்டித் தருவதற்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தப் பயணங்களை நான் குறை சொல்லவில்லை. ஊர்க்கோயில்களைத் தேடி இளைஞர்கள் வருவதற்கு அந்த நாவல் செய்த தொண்டு பெரிது. மேலக்கடம்பூரின் தேர் வடிவக் கோயில் தன் சிற்பத்துக்காகவே காணத்தக்கது. ஆனால் ஆதித்த கரிகாலர் கடம்பூரில் இறந்தார் என்பதற்குச் சான்று இல்லை. உடையார்குடிக் கல்வெட்டு இடத்தைச் சொல்லவில்லை. பிற்காலத்தில், இராசராசரின் மகன் இராசேந்திரரின் 6-ஆம் ஆட்சியாண்டில் வெளியிடப்பட்ட திருவாலங்காட்டுச் செப்பேடுகள், ஆதித்தர் விண்ணுலகைக் காணும் விருப்பத்தால் மறைந்தார் என்று மங்கலமாகச் சொல்லிக் கடந்துவிடுகின்றன. கொலை என்ற சொல்லே அங்கு இல்லை.

நந்தினி இங்கேதான் வருகிறாள். ஏன், எங்கே, எப்படி, யாரால் என்று நான் மேலே சொன்ன நான்கு வெற்றிடங்களையும் ஒரே பாத்திரத்தால் நிரப்புவது கல்கியின் திறம். பாண்டியன் தலையை ஆதித்தர் கொய்தார் என்பது வரலாறு. அந்தப் பாண்டியனுக்கு ஒரு பெண் உறவு, அந்தப் பெண் ஆதித்தரின் இளமைக் காதலி, அவள் உயிர்ப்பிச்சை கேட்டும் அவர் வெட்டினார் என்று கற்பனையைக் கோத்தவுடன், காரணமில்லாமல் கல்லில் கிடந்த கொலைக்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. சான்று பேசும் இடத்தில் கல்கி பெரும்பாலும் அதை மீறுவதில்லை. அது மௌனமாகும் இடத்தில்தான் அவர் பேசத் தொடங்குகிறார். நீலகண்ட சாஸ்திரியாரின் சோழர் வரலாறு 1935 முதலும், சதாசிவப் பண்டாரத்தாரின் பிற்காலச் சோழர் சரித்திரத்தின் முதற்பகுதி 1949-லும் வெளிவந்திருந்தன. 1950 அக்டோபரில் தொடர்கதை தொடங்கியபோது எந்த இடம் வெறுமையாக இருக்கிறது என்பதை அவர் நன்கு அறிந்திருக்க முடிந்தது. ஓவியர் மணியம் வாரந்தோறும் அந்த மனிதர்களுக்கு முகமும் கொண்டையும் அணிகலனும் தந்தார். மூன்றரை ஆண்டுக்கும் மேலாக ஒவ்வொரு வாரமும் வீட்டுக்கு வந்துபோன மனிதர்களை, கல்வெட்டில் ஒரு வரியாக மட்டும் வாழும் மனிதர்களைவிட மெய்யானவர்களாகத் தமிழ்க் குடும்பங்கள் உணர்ந்ததில் வியப்பில்லை. பாலில் கலந்த நீரைப் போலக் கற்பனை வரலாற்றில் கலந்தபோது, பிரித்தெடுக்கும் கருவி வாசகர் கையில் தரப்படவில்லை.

ஈழப் படையெடுப்பு இந்தக் கலப்புக்கு நல்ல எடுத்துக்காட்டு. சுந்தர சோழர் காலத்தில் சோழப் படை ஈழத்துக்குச் சென்றது வரலாறு. கொடும்பாளூர்ப் பராந்தகன் சிறியவேளார் அங்கே போர்க்களத்தில் வீழ்ந்தார் என்று கல்வெட்டு சொல்கிறது. கல்கி அந்தச் சிறியவேளாரைத் தம் வானதிக்குத் தந்தையாக்கினார். இளவரசர் அருண்மொழி ஈழத்தில் படை நடத்தினார் என்பதும், புத்த பிக்குகள் அவருக்கு அரியணை தர முன்வந்தார்கள் என்பதும், புயலில் படகோட்டிப் பெண் ஒருத்தி அவரைக் காப்பாற்றினாள் என்பதும் கதை. இராசராசர் ஈழத்தை வென்றது அவர் அரசரான பிறகு, ஏறத்தாழ 993-இல். பொலன்னறுவை சனநாதமங்கலம் என்று பெயர் பெற்றதும் அப்போதுதான். குழந்தையாக இருந்தபோது காவிரியில் விழுந்து மீட்கப்பட்டதனால் அவருக்குப் பொன்னியின் செல்வன் என்று பெயர் வந்தது என்பதும் கல்கியின் படைப்பு. கல்வெட்டுகள் அவரை மும்முடிச் சோழன், சிவபாதசேகரன், சயங்கொண்டான் என்றெல்லாம் பாராட்டுகின்றன.

வந்தியத்தேவரைப் பொறுத்தவரை சான்று மிகக் குறைவு, ஆனால் உறுதியானது. தஞ்சைப் பெரிய கோயிலில் குந்தவையாரின் கொடைகளைப் பதிவு செய்யும் கல்வெட்டு, அவரை இராசராசரின் தமக்கையார் என்றும் வல்லவரையர் வந்தியத்தேவரின் மாதேவியார் என்றும் குறிக்கிறது. தூது, ஓலை, நாகைப்பட்டினம், ஏரிக்கரை, காதல் எல்லாம் கல்கியுடையவை. இராசராசர் அக்கோயிலுக்குக் கொடுத்தவற்றைப் பட்டியலிடச் சொல்லும்போது "நாங் குடுத்தனவும் அக்கன் குடுத்தனவும் நம் பெண்டுகள் குடுத்தனவும்" என்று தமக்கைக்குத் தம்மை அடுத்த இடத்தைத் தருகிறார். நாவல் காட்டும் அக்காள்-தம்பி பாசத்துக்கு இந்த ஒரு வரி வலுவான அடிப்படை. வரலாறு கொடுத்த விதையைக் கல்கி வளர்த்த இடம் இது.

பழுவேட்டரையர்களின் நிலை வேறு. நாவலைப் படித்தவர்களிடம் அந்தப் பெயரைச் சொன்னால், அறுபது கடந்த வயதில் மோகத்தில் விழுந்த தனாதிகாரியும், அரசரைச் சிறை வைத்தது போல் கோட்டையைக் காத்த அவர் தம்பியும், சிற்றரசர்களின் சதியும்தான் நினைவுக்கு வருகின்றன. அரியலூரை அடுத்த கீழப்பழுவூரிலும் மேலப்பழுவூரிலும் அந்தக் குடியினர் எழுப்பிய கற்கோயில்கள் முற்காலச் சோழர் கலையின் சிறந்த எடுத்துக்காட்டுகளாக நிற்கின்றன. அன்பில் செப்பேடுகளின்படி முதற்பராந்தகர் பழுவேட்டரையர் மகளை மணந்தார். அவர்களுக்குப் பிறந்தவர் அரிஞ்சயர். அரிஞ்சயரின் மகன் சுந்தர சோழர். கதையில் யாருக்கு எதிராகச் சதி செய்தார்களோ அந்த அரசர் பழுவூர்க் குடியில் பிறந்த பெண்ணின் பேரர். பின்னர் இராசராசரும் பழுவூரிலிருந்து பஞ்சவன் மாதேவியாரை மணந்தார். அந்தச் சிற்றன்னையின் நினைவாக இராசேந்திரர் எழுப்பிய பள்ளிப்படை பட்டீச்சுரத்தில் இன்றும் இருக்கிறது. தலைமுறைகள் தாண்டிய உறவும் நம்பிக்கையும் இருந்த ஒரு குடியைச் சதிகாரர்களின் குடியாக மட்டும் நினைப்பது அவர்களுக்கு நாம் செய்யும் அநீதி என்றே கருதுகிறேன்.

பெரிய பழுவேட்டரையர் உடலில் அறுபத்து நான்கு விழுப்புண்கள் இருந்தன என்று நாவலில் படித்ததை வரலாற்றுச் செய்தியாகச் சொல்பவர்களும் உண்டு. தொண்ணூற்றாறு புண் கொண்ட சோழர் என்னும் புகழ் ஒட்டக்கூத்தரின் விக்கிரம சோழன் உலாவில் வருகிறது. விசயாலயரைப் பற்றியது என்று கொள்வார்கள். விசயாலயருக்கு மூன்று நூற்றாண்டு பிந்திய அந்த உலாவும் கவிதையே. ஆகவே சான்றுகளிலும் தரம் பார்க்க வேண்டும். நிகழ்ச்சியின் காலத்திலேயே வெட்டப்பட்ட கொடைக் கல்வெட்டு ஒரு தரம். அரச குடும்பத்தின் புகழைப் பாடும் செப்பேட்டு மெய்க்கீர்த்தி இன்னொரு தரம். பிற்காலப் புலவர் பாட்டு மற்றொன்று. நாவல் இந்த வரிசையில் இடம்பெறுவதே இல்லை.

கதை வரலாறாகும் வழக்கம் இந்த ஒரு நாவலோடு நிற்பதும் அன்று. வீரபாண்டியக் கட்டபொம்மன் 1798 செப்டம்பரில் இராமநாதபுரத்தில் ஆட்சியர் சாக்சனைச் சந்தித்ததும், அங்கே கைகலப்பு மூண்டதும், 1799 அக்டோபர் 16-இல் கயத்தாற்றில் அவர் தூக்கிலிடப்பட்டதும் ஆவணங்களில் உள்ளவை. ஆனால் அந்தச் சந்திப்பு என்றவுடன் நம் காதில் ஒலிப்பது 1959-இல் வந்த திரைப்படத்தின் வரி, வட்டி, திரை, கிஸ்தி என்னும் வசனம். அதை எழுதியவர் சக்தி கிருஷ்ணசாமி. பள்ளி மேடைகளில் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்டு, அது கட்டபொம்மனின் சொந்தச் சொற்களாகவே ஆகிவிட்டது.

பொன்னியின் செல்வனைப் பொறுத்தவரை இப்போது புதிதாக ஒரு சிக்கலும் சேர்ந்திருக்கிறது. நாவலில், அரியணைக்கு ஆசைப்பட்டுச் சிற்றரசர்களோடு கூடிய மதுராந்தகர் செம்பியன் மாதேவியின் மகனே அல்லர் என்றும், பூக்கொடுத்துப் பிழைத்த சேந்தன் அமுதனே மாறிப்போன உண்மையான மகன் என்றும், அவரே உத்தம சோழராக முடிசூடினார் என்றும் கதை முடிகிறது. திரைப்படத்திலோ ஆசைப்பட்ட அதே மதுராந்தகருக்குத்தான் அருண்மொழி முடியைச் சூட்டுகிறார். இரண்டில் எது உண்மை என்று இளைஞர்கள் வாதாடுகிறார்கள். இரண்டும் உண்மை அல்ல. கோயில் பூக்காரர் ஒருவர் உத்தம சோழரானார் என்பதற்கும், குழந்தை மாறியது என்பதற்கும் எள்ளளவும் சான்று இல்லை. கல்கி ஏன் அப்படி அமைத்தார் என்று என்னால் ஊகிக்க முடிகிறது: செம்பியன் மாதேவியைப் போன்ற ஒரு தாயின் மகன் மீதும், பதினைந்து ஆண்டுகள் சோழ நாட்டை ஆண்ட ஓர் அரசர் மீதும் கொலைப்பழி படியக் கூடாது என்று அவர் எண்ணியிருக்க வேண்டும். ஆனால் வாசகர் மனத்தில் அந்த மென்மையான முடிவைவிட முன்னைய நான்கு பாகங்களின் சதிகார மதுராந்தகரே அழுத்தமாகத் தங்கினார்.

உத்தம சோழர் மீதான ஐயம் நாவலில் பிறந்தது அன்று என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். நீலகண்ட சாஸ்திரியார் அதை முன்பே எழுப்பினார். சிற்றப்பா உத்தமர் அரசை விரும்பும் வரையில் தாம் அதை மனத்தாலும் விரும்புவதில்லை என்று அருண்மொழி இருந்ததாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு சொல்வதும், கொலையாளிகளின் உடைமை பற்றிய ஆணை உத்தமர் காலத்தில் கிடைக்காமல் இராசராசரின் 2-ஆம் ஆண்டில் கிடைப்பதும் அவருடைய ஐயத்துக்கு அடிப்படை. பண்டாரத்தார் இதை ஏற்கவில்லை. உடையார்குடிக் கல்வெட்டு, பறிமுதலான நிலத்தின் விற்பனையைப் பேசுகிறதே தவிர, அதுவரை குற்றவாளிகள் மீது எந்த நடவடிக்கையும் எடுக்கப்படவில்லை என்று சொல்லவில்லை என்று பிற்கால ஆய்வாளர்களும் சுட்டியுள்ளார்கள். இரு தரப்பையும் எடைபோடும்போது எனக்குப் பண்டாரத்தார் பக்கமே சரியாகப் படுகிறது.

அதே திருவாலங்காட்டுச் செப்பேடு, மதுராந்தகர் என்னும் உத்தம சோழர் அரசேற்றபோது அருண்மொழிக்கு இளவரசுப் பட்டம் கட்டினார் என்று அடுத்த பாட்டுகளில் சொல்கிறது. உத்தம சோழருக்கு மதுராந்தகன் கண்டராதித்தன் என்று ஒரு மகன் இருந்தார். கொலை செய்தாவது அரசைப் பிடிக்கும் ஒருவர் தம் மகனை விட்டுவிட்டு, கொலையுண்டவரின் தம்பியை வாரிசாக்குவாரா? உத்தமருக்குப் பின் இராசராசர் அரசரானபோது அந்தக் கண்டராதித்தரை ஒதுக்கவும் இல்லை. கோயில் காரியங்களை ஆராயும் உயர்ந்த பொறுப்பில் வைத்திருந்தார் என்று கல்வெட்டுகள் காட்டுகின்றன. தம் அண்ணனைக் கொன்றவரின் மகனிடம் அப்படிப்பட்ட நம்பிக்கை வைப்பது எளிதில் ஏற்கக்கூடியது அன்று.

தாய்க்கும் மகனுக்கும் இடையில் நாவல் வைக்கும் பிளவைப் பற்றியும் கல்லே பேசுகிறது. அரியணை வேண்டாம் என்று தடுத்த தாய், அவரை வெறுத்த மகன் என்ற சித்திரம் பலருக்கு வரலாறாகவே தெரியும். செம்பியன் மாதேவியார் செங்கல் கோயில்களைக் கற்றளிகளாக, அதாவது கற்கோயில்களாக, மாற்றிய பெரும்பணியில் கணிசமான பகுதி அந்த மகனின் ஆட்சிக்காலத்தில்தான் நடந்தது. அவர் பெயரால் அமைந்த செம்பியன் மாதேவி என்ற ஊரின் கைலாசநாதர் கோயிலில், சித்திரைக் கேட்டையில் அமைந்த அவருடைய பிறந்தநாளைக் கொண்டாட உத்தம சோழரின் தேவியர் அறக்கொடைகள் வைத்தார்கள். மாமியாரின் பிறந்தநாளுக்கு மருமகள்மார் வைத்த அந்தக் கொடைகளில் வெறுப்பின் அடையாளம் எதுவும் இல்லை.

இவற்றை நேரில் காண விரும்பினால், கடம்பூரில் இல்லாத மாளிகையைத் தேடும் நேரத்தில் திருநல்லம் என்னும் கோனேரிராசபுரத்துக்குச் செல்லுங்கள் என்று பரிந்துரைப்பேன். அங்குள்ள உமாமகேசுவரர் கோயிலில் செம்பியன் மாதேவியாரின் கணவர் கண்டராதித்தர் சிவலிங்கத்தை வழிபடும் சிறு சிற்பம் ஒன்று இருக்கிறது. அதன்கீழ் உள்ள கல்வெட்டு, தம் திருமகனார் மதுராந்தக தேவரான உத்தம சோழர் அரசாண்டுகொண்டிருக்கும்போது, தம் கணவர் கண்டராதித்தர் பெயரால் செம்பியன் மாதேவியார் இந்தக் கற்றளியை எடுப்பித்தார் என்கிறது. கணவர், மனைவி, மகன் ஆகிய மூவர் பெயரும் அந்தத் தாயின் ஏற்பாட்டில் ஒரே கல்வெட்டில் இடம்பெற்றிருக்கின்றன. மகனைத் "திருமகனார்" என்று அவர் அதில் குறிப்பதையும் அங்கே படிக்கலாம்.